கடலில் நிற்கிற பெயர்கள்

என் வலக்கைச் சுட்டுவிரல் என்டர் பட்டனுக்கு மேலே நின்றது. ஒரு அரிசி மணியளவு இடைவெளிதான் இருக்கும். விரல் கீழே இறங்கினால் பதினொரு படகுகளின் பெயர்கள் அழிந்துபோகும். இறங்காவிட்டால், காற்று வருகிறது என்று அந்தப் பதினொரு படகுகளுக்கும் சொல்ல வழியில்லை.

அவற்றில் ஒன்றில் என் மகன் இருந்தான்.

வெளியே கொடிக்கம்பத்துக் கயிறு இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது. டங், டங் என்று. காலையில் நான் கூட்டும்போது அந்தச் சத்தம் இருக்கவில்லை.

போன கிழமை இந்தப் பத்தியில் என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்ற கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தங்கச்சி, "ஐந்தாம் வகுப்புப் படித்த நீங்கள் சங்கத்தில் கம்பியூட்டர் அடிக்கிறீர்களாமே, உண்மையா?" என்று கேட்டு எழுதியிருந்தா. உண்மைதான் தங்கச்சி. சொல்ல வெட்கமாயிருக்கிறது. பயமாயும் இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

பேசாத பெட்டி

எங்கள் ஊர் வடமராட்சிக் கரையில் இருக்கிறது. கடற்றொழிலாளர் சங்கத்துக்கு இரண்டு அறைக் கட்டடம் ஒன்று உண்டு. காலையில் அதைத் திறந்து, கூட்டி, தண்ணீர் எடுத்துவைப்பது என் வேலை. ஆட்கள் கூடினால் நான் பின்பக்கம் போய்விடுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு இந்த வயதிலும் வராது.

முன்னறை மூலையில் ஒரு கம்பியூட்டர் பெட்டி இருக்கிறது. அதில் படமில்லை, பூவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. லினக்ஸ் என்று சொல்வார்கள். ஒவ்வொரு படகிலும் கைக்கடக்கமான ஒரு கருவி பூட்டியிருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்று அது கொஞ்சத்துக்கொரு தரம் ரேடியோ அலையில் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைப் படகின் பெயரில் இருக்கும் கோப்பில் ஒரு வரியாக எழுதி வைக்கும். திரும்பி வரச்சொல்லி நாங்கள் அனுப்பினால், அந்தக் கருவியில் சிவப்பு விளக்கு எரியும். கைபேசிக்குக் கவரேஜ் எட்டாத கடலில் அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான் எங்கள் குரல்.

இதையெல்லாம் அமைத்தவள் என் மருமகள் சுலோசனா. கரவெட்டிப் பிள்ளை, வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். பல்கலைக்கழகத்தில் கம்பியூட்டர் படித்துவிட்டு, கடல் தெரியாமல் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். யாழ்ப்பாணத்தில் அவளுக்கு வேலை. அங்கிருந்தபடியே எங்கள் பெட்டிக்குள் வந்து பார்த்துக்கொள்வாள்.

"மாமி, காலமை முதல் ஆளாய் வாறது நீங்கள்தானே. பெட்டி உயிரோடை கிடக்கோ எண்டு பாக்க ஒரு நாலு சொல்லுப் பழகுங்கோவன்" என்றாள் ஒருநாள்.

"எனக்கு இங்கிலீசு எங்கை பிள்ளை தெரியும்?"

"பெட்டிக்கும் பெரிசாத் தெரியாது மாமி. ரெண்டெழுத்து, மூண்டெழுத்துத்தான் அதுக்கும்."

ஒரு கொப்பியில் எழுதித் தந்தாள். பக்கத்தில் நான் தமிழில் எழுதிக்கொண்டேன். ls அடித்தால் உள்ளே என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பெயர் சொல்லும். df -h அடித்தால் பெட்டிக்குள் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும், சட்டிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல. tail அடித்தால் ஒரு கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும். சிவப்பு விளக்குக்கு அவளே ஒரு சொல் செய்து வைத்திருந்தாள்: kooppidu. கூப்பிடு. அது எனக்குப் பிடித்த சொல்.

கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதிய சொல் rm. அழிக்கிறது.

"இதிலை மட்டும் கவனம் மாமி. அழிக்கட்டோ எண்டு கேக்காது. அழிச்சுப்போட்டன் எண்டும் சொல்லாது. அழிச்சது அழிச்சதுதான். பக்கத்திலை நட்சத்திரத்தைப் போட்டியள் எண்டால், அந்த இடத்திலை இருக்கிற எல்லாம் போயிடும்."

"செய்தால் ஒண்டும் சொல்லாதோ?"

"ஒண்டும் சொல்லாட்டில் சரியாச் செய்திட்டுது எண்டு அர்த்தம். பிழையெண்டால்தான் வாய் திறக்கும்."

என்னைப் போல ஒரு பெட்டி என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கடற்கரையில் பிறந்தவளுக்கு, ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்ல சேதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

வாய் திறந்தது

அன்று கார்த்திகை மாதம். விடிய முதல் பதினொரு படகு போயிருந்தது. வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. செயலாளர் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கூட்டமென்று போய்விட்டார். தலைவர் கணேசண்ணை வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்தார். சுலோ தாய்வீட்டில், கரவெட்டியில் படுக்கை. கொப்புளிப்பான் அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. வெளியே வர முடியாது.

காலையில் முற்றம் கூட்டும்போது, மூலை மரத்தோடு ஒரு வயர் அறுந்து தொங்குவதைக் கண்டேன். முதல் நாள் பின்னேரம் அடித்த காற்றில் அறுந்திருக்கவேண்டும். பக்கத்து வீட்டுப் போன் வயராக்கும் என்று ஒதுக்கிவிட்டுக் கூட்டினேன். அண்ணையிடம் சொல்லவில்லை. பேப்பர் வாசிக்கிற ஆம்பிளையிடம் போய் வயரைப் பற்றிக் கதைக்க எனக்கு வாய் வரவில்லை.

பத்தரை மணிபோல அண்ணையின் கைபேசி அடித்தது. கேட்டார். எழும்பினார். பேப்பர் நிலத்தில் விழுந்தது.

"பாக்கியம்! ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை பெருங்காத்து வருதாம். சிவப்பைப் போடு, கெதியாப் போடு!"

நான் kooppidu அடித்தேன். என்டரைத் தட்டினேன்.

பெட்டி வாய் திறந்தது. ஒரு வரி இங்கிலீசு.

சுலோவுக்குப் போன் எடுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். என், ஓ, பிறகு வெளி, எஸ், பி. பாதியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"இடமில்லையாம் மாமி. நிரம்பிப்போச்சு. df அடியுங்கோ, எத்தினை வீதம் காட்டுது?"

"நூறு."

"கடவுளே. இடமில்லாட்டில் சேதியை எழுதி அனுப்பாது. நானே உள்ளுக்கு வரப் பாத்தன், ஏலாமல் கிடக்கு. என்ரை பக்கம் கவரேஜ் சரியில்லைப் போல." மூச்சு வாங்கினாள். காய்ச்சலில் சொற்கள் ஒட்டி ஒட்டி வந்தன. "படகுக் கோப்புகள் ஆடியிலை இருந்து அழிக்காமல் கிடக்கு. அதை அழிப்பம். மணிக்கொரு தரம் யாழ்ப்பாணத்துக்குப் பிரதி போறது, பயமில்லை. padaku எண்ட இடத்துக்குப் போங்கோ. போட்டு, rm, ஒரு வெளி, நட்சத்திரம்."

போனேன். ls அடித்துப் பார்த்தேன். பதினொரு பெயர்கள் வரிசையாக வந்தன. இங்கிலீசு எழுத்துத்தான். ஆனால் பேரப்பிள்ளைகளின் முகம்போல அவற்றின் வடிவம் எனக்குத் தெரியும். கடைசிப் பெயர் vadivelan. வடிவேலன். என் மகன் ரவியின் படகு.

rm அடித்தேன். வெளி விட்டேன். நட்சத்திரம் போட்டேன்.

விரல் நின்றுவிட்டது.

கறுப்புப் பலகை

இங்கே ஒரு பழைய விஷயம் சொல்லவேண்டும். அந்த நாள்வரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு இறங்கும்போது சங்கத்துக் கறுப்புப் பலகையில் அதன் பெயரைச் சோக்கால் எழுதுவார்கள். திரும்பி வந்து அணியம், அதுதான் படகின் முன்மூக்கு, மணலில் முட்டிய பிறகுதான் அந்தப் பெயரைத் துடைக்கலாம். கடலில் நிற்கிற படகின் பெயரை அழிக்கப்படாது. அழித்தால் அதைக் கடலுக்குக் கொடுத்ததாகிவிடும். மழைத்தண்ணீர் பட்டு எழுத்துக் கரைந்தால்கூட ஓடிப்போய் மேலே எழுதுவார்கள். அந்தப் பலகை இன்றும் கம்பியூட்டருக்கு எதிர்ச் சுவரில்தான் தொங்குகிறது.

பள்ளிக்கூடத்தால் நின்றபிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்தப் பலகை துடைப்பதுதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். ஒரு பின்னேரம் நீலப் பாய் போட்ட வள்ளம் ஒன்று தூரத்தில் வருவதைக் கண்டேன். என் அண்ணையின் வள்ளமும் நீலப் பாய்தான். அவர் எனக்குப் பனங்குட்டான் வெல்லம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் போயிருந்தார். சந்தோசத்தில், ஈரத்துணியால் பெயரைத் துடைத்துவிட்டு மணலுக்கு ஓடினேன்.

வந்தது வேறு வள்ளம்.

திரும்ப ஓடிவந்து அவர் வள்ளத்தின் பெயரை எழுதினேன். நீலவேணி. அவசரத்தில் எழுத்து முன்னையதுபோல வரவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. ஈரப் பலகையில் சோக்கு நன்றாகப் பிடித்து, மற்றப் பெயர்களைவிட வெள்ளையாகத் தெரிந்தது.

அண்ணை வரவேயில்லை. வள்ளத்தின் ஒரு பலகைகூட வரவில்லை. அந்தப் பெயர் கறுப்புப் பலகையில் இரண்டு மாதம் கிடந்தது. பிறகு ஆரோ பெரியவர்கள் துடைத்தார்கள். அம்மா என் தலையைத் தடவித் தடவி அழுதா. அந்தக் கை என் தலையில் படும்போதெல்லாம் நான் தலையை இழுத்துக்கொள்வேன்.

படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்பார்கள். சொல்லட்டும். துடைத்த கை அவர்களுடையதல்லவே.

நான் சொன்ன பொய்

"அடிச்சிட்டியளோ மாமி?"

"ம்."

"ஏதும் சொல்லிச்சுதோ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அது பொய்யில்லை. என்டரைத் தட்டாதபோது பெட்டி என்ன சொல்லும்? ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் என் ஆயுளில் சொன்னதில்லை. செய்தால் பேசாது என்று அவள் சொல்லித் தந்ததையே எடுத்து அவளை ஏமாற்றினேன்.

"அப்ப சரி. இப்ப கூப்பிடு அடியுங்கோ."

rm என்றதையும் நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு அழித்துவிட்டு kooppidu அடித்தேன். அதே வரி வந்தது. இடமில்லை.

வாசலில் கணேசண்ணை கடலைப் பார்த்தபடி கத்தினார். "என்னடி பாக்கியம், உன்ரை பெட்டிக்கும் கொப்புளிப்பானோ? வேப்பிலை ஒடிச்சுக்கொண்டு வரட்டே?" பகிடிதான். ஆனால் குரலில் பகிடி இல்லை. அவருடைய தம்பியும் கடலில்தான். வடகிழக்கில் வானத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

"அழிச்சும் இடமில்லையோ?" சுலோ தனக்குத்தானே கதைத்தாள். "அப்ப ஓடிக்கொண்டிருக்கிற வேலை அந்தக் கோப்புகளைப் பிடிச்சு வைச்சிருக்கு. சில நேரம் அப்பிடித்தான், பேர் போனாலும் இடம் வராது. மாமி, பெட்டியை நிப்பாட்டித் திருப்பி எழுப்பவேணும். கால் மணித்தியாலம் எடுக்கும். சில வேளை எழும்பாமலும் விடும். வேறை வழியில்லை."

கால் மணித்தியாலம். என் பொய்க்காக.

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பிள்ளை, நான் அழிக்கேல்லை."

"என்ன மாமி?"

"அழிக்கேல்லை. அடிச்சனான், தட்டேல்லை. படகு கடலிலை நிக்கேக்கை பேரை அழிக்கப்படாது பிள்ளை. என்னாலை ஏலாது. நான் ஒருக்கா அழிச்சனான்."

கணேசண்ணை உள்ளே வந்துவிட்டார். எல்லாம் கேட்டிருந்தது. ஏசப்போகிறார் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவர் ஏசவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

சுலோவுக்குக் கோபம் வந்தால் வரட்டும். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, எங்கள் வழக்கத்தைக் கேட்டுச் சிரித்தவள். ஆனால் அவளுடைய புருசனும் அந்தப் பதினொரு பெயருக்குள்தான்.

"சரி மாமி." குரல் மாறியிருந்தது. "அழிக்கவேண்டாம். முதல் பாப்பம், எது வீங்கிக் கிடக்கெண்டு. பாத்திட்டெல்லோ நான் சொல்லியிருக்கவேணும்."

வீங்கிக் கிடந்தது

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். /var/log என்ற இடத்துக்குப் போனோம். இந்தச் சொல்லை வாசகர்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குப் பதினொரு படகை மீட்டுத் தந்தது: du -sh * | sort -h. எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சின்னதிலிருந்து பெரிதுவரை அடுக்கிக் காட்டும். நடுவில் இருக்கிற அந்த நெட்டுக்கோட்டை விசைப்பலகையில் தேடவே எனக்கு ஒரு யுகம் போயிற்று.

"கடைசியிலை நிக்கிறது எது?"

"எஸ், வை, எஸ்... syslog. மற்றதெல்லாத்துக்கும் பக்கத்திலை எம் கிடக்கு. இதுக்கு ஜீ."

"ஜீ எண்டால் எம்மைவிட ஆயிரம் மடங்கு மாமி. அதின்ரை வாலைப் பாப்பம். tail syslog."

ஒரே வரி. திரும்பத் திரும்ப அதே வரி. ஒரு முறைப்பாட்டை விடிய விடிய எழுதி வைத்திருந்தது அந்தப் பெட்டி. எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"யாழ்ப்பாணத்தோடை தொடர்பு இல்லையெண்டு எழுதியெழுதியே நிரப்பியிருக்கு. மாமி, எங்கடை இணைய வயர் அறுந்து கிடக்கோ?"

யன்னலால் பார்த்தேன். மூலை மரத்தில் அந்த வயர் இப்போது பாம்புபோல ஆடியது.

"ஓம் பிள்ளை. காலமை கண்டனான்."

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

"அப்ப நேற்றிலை இருந்து பிரதியும் போகேல்லை. நீங்கள் அதை அழிச்சிருந்தால்..." முடிக்கவில்லை. "சரி, இதைக் காலி பண்ணுவம். இதுவும் அழிக்கிறதில்லை மாமி, பயப்படாதேங்கோ. பேர் அப்பிடியே இருக்கும், உள்ளுக்கு இருக்கிற குப்பைதான் போகும். sudo truncate -s 0 syslog."

கடவுச்சொல் கேட்டது. அதை அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளியும் விழாது. கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி. முதல்தரம் பிழைத்தது. இரண்டாம் தரமும் பிழைத்தது. கணேசண்ணை பின்னால் நின்று மெல்ல, "ஆறுதலா, பிள்ளை, ஆறுதலா" என்றார். அவர் என்னைப் பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தரம். மூன்றாம் தரம் சரி.

kooppidu. என்டர்.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

பத்துப் படகு

கருவிகள் பதில் அனுப்பத் தொடங்கின. ஒவ்வொரு கோப்பிலும் புதுவரி விழுந்தது. மத்தியானத்துக்குள் படகுகள் ஒவ்வொன்றாக அலையில் ஏறி இறங்கிக் கரைக்கு வந்தன. பெண்கள் மணலில் நின்று கத்தினார்கள். பலகையில் ஒவ்வொரு பெயராகத் துடைபட்டது. நான் துடைக்கவில்லை, என்னிடம் துணியைத் தந்தவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டேன்.

பத்துப் பெயர் போயிற்று. ஒன்று நின்றது.

vadivelan கோப்பில் புதுவரி விழவில்லை. வந்த பெடியங்களும் அவனைக் காணவில்லை என்றார்கள்.

சுலோவுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. "tail -n 1 vadivelan அடியுங்கோ மாமி. கடைசி வரி மட்டும் வரும்" என்றாள்.

வந்தது. பெட்டி நிரம்புவதற்குச் சற்று முன், அதாவது காலை பத்து மணியளவில், வடிவேலன் நின்ற இடம். நான் அழிக்காமல் விட்ட வரி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத வரி.

இலக்கம் இலக்கமாக வாசித்தேன். கணேசண்ணை உள்ளங்கையில் பேனையால் எழுதினார். ஆறையும் ஒன்பதையும் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயம். மூன்று தரம் வாசித்தேன். நீரோட்டம் அந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு படகு எடுத்துக்கொண்டு அந்தக் காற்றுக்குள் இறங்கினார்கள். இறங்குவதற்கு முன் கணேசண்ணை ஒன்று செய்தார். பலகையில் அந்த இரண்டு படகின் பெயரையும் எழுதச் சொல்லி, சோக்கை என் கையில் வைத்தார்.

எழுதினேன். மூன்று பெயரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூரைத் தகரம் பறக்கிறமாதிரி அடித்தது. மழை யன்னலால் உள்ளே வந்தது. பலகைக்குத் தண்ணீர் படாமல் முதுகைக் காட்டி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகு நனைந்து சேலை ஒட்டிக் குளிரில் பல்லடித்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சுலோவும் வைக்கவில்லை. அவளுடைய காய்ச்சல் மூச்சு மட்டும் கேட்டது.

வெளிச்சம் இருக்கும்போதே வந்தார்கள். வடிவேலனைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் நின்று, அலை ஏறிக் கருவியையும் கெடுத்திருந்தது. ரவியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அம்மா, கருவி தண்ணி குடிச்சிட்டுது. நானும் கொஞ்சம் குடிச்சிட்டன்" என்றான்.

அவனை அடித்தேன். முதுகில், கையில், எங்கே பட்டதென்று தெரியாமல் அடித்தேன். அத்தனை சனத்துக்கு முன்னால்.

touch

சுலோவுக்குத் தலைக்கு வார்த்து, அவள் சங்கத்துக்கு வந்த நாள் நன்றாக வெயிலடித்தது. வயரைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். முறைப்பாட்டுக் கோப்பு ஒரு அளவுக்கு மேல் வீங்காமல் தானாகச் சுருங்க ஏற்பாடு செய்தாள். rm அடித்தால் ஒவ்வொன்றுக்கும் "அழிக்கட்டோ?" என்று கேட்கப் பண்ணினாள். கரைக்கு வராத படகின் கோப்பை அழிக்கவே முடியாமல் ஒரு பூட்டும் போட்டாள்.

"பலகைச் சட்டம் மாமி" என்றாள். முகத்தில் தழும்புகளோடு சிரித்தாள்.

நீங்கள் செய்தது சரி என்று அவள் சொல்வாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த வரி தப்பியது உண்மை. நான் பொய் சொல்லிக் கழிந்த நேரமும் உண்மை. வயரைக் கண்டும் வாய் திறக்காமல் இருந்ததும் உண்மை. காற்று இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்ற நினைப்பில் இப்போதும் பகலிலேயே உடம்பு விறைக்கும்.

அன்று அவளிடம் நீலப் பாயின் கதையைச் சொன்னேன். பிறகு கேட்டேன், "பிள்ளை, ஒரு படகே இல்லாமல் பேரை மட்டும் உதுக்குள்ளை வைக்கலாமோ?"

"வைக்கலாம் மாமி. touch எண்டு அடிச்சுப் பேரைப் போடுங்கோ. வெறுங்கோப்பொண்டு வரும். பூட்டையும் போட்டுவிடுறன், ஒருத்தராலையும் அழிக்க ஏலாது."

அடித்தேன். touch neelaveni. எழுத்தெழுத்தாக அவள் சொன்னாள்.

இப்போது காலையில் கூட்டி முடித்ததும் ls அடிக்கிறேன். படகுப் பெயர்கள் வருகின்றன. என் அண்ணையின் வள்ளத்தின் பெயரும் அவற்றோடு வருகிறது. பிறகு, ஆரும் பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, tail neelaveni அடிக்கிறேன்.

ஒன்றும் சொல்லாது.